மேளத்தோடு மேடேறிய கேபினட்

கிச்சன் கேபினட் செய்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரிந்துகொள்ள அவன் செய்த அலமாரியைப் பார்க்கத் தேவையில்லை. அவன் வேனின் பின்கதவைத் திறந்து பார்த்தால் போதும். அலமாரியில் தப்பு இருந்தால் மேலே ஒரு பலகையை அடித்து மறைத்துவிடலாம். சாமான் ஏற்றியதில் தப்பு இருந்தால் ஊரே பார்க்கும். என் விஷயத்தில் ஊர் பார்த்ததோடு நிற்கவில்லை. கூடவே மேளம் அடித்துக்கொண்டு வந்தது.

நானும் சேகரும் கிள்ளானில் கேபினட் பட்டறை தொடங்கிய புதிது. சேகர் சுங்கை வேயில் என்னோடு பள்ளிக்கூடம் போனவன். நான் அளப்பேன், அறுப்பேன். அவன் மாட்டுவான், பேசுவான். (மாட்டுவதைவிடப் பேசுவதுதான் அதிகம்.) எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. முன்பு ரொட்டி ஏற்றிய வண்டி. வெயில் ஏறினால் உள்ளே பன் வாசம் வரும். அதை முகர்ந்து முகர்ந்தே எங்களுக்கு வேலை இடம் போய்ச் சேருவதற்குள் பசி எடுத்துவிடும்.

அந்த நாளில் நான் தேன்மொழியைக் காதலித்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் அவள் மருந்தாளுநர். அவளுடைய அப்பா பொதுப்பணித் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வழி. என் தாத்தா தெலுக் பங்லிமா காராங் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்தவர். இரண்டு குடும்பமும் தமிழ்தான், இரண்டும் கும்பிடுவது முருகனைத்தான். ஆனால் நாங்கள் ‘ஆமா’ என்பதை அவர்கள் ‘ஓம்’ என்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு கல்யாணம் தாராளமாக விழுந்து காணாமல் போகும்.

பெண் கேட்கப் போன என்னை அவர் உட்காரச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். அப்புறம் நேராகக் குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, நீர் என்ன கதைக்க வந்தனீர் எண்டு எனக்குத் தெரியும். அது பிறகு. இந்தக் குசினி பழசாப் போச்சு. நீர்தானே உந்த வேலை செய்யிறனீர்? செய்து காட்டும். சொன்ன நாளிலை, சொன்ன நேரத்துக்கு, கோணல் இல்லாமல். ஒரு வேலையை ஒழுங்காக் கொண்டுவந்து சேர்க்க உமக்குத் தெரியுமெண்டால் மற்றதைக் கதைப்பம். இல்லையெண்டால் கதைக்கிறதுக்கு ஒண்டுமில்லை.”

“சரி அங்கிள்” என்றேன்.

“சனிக்கிழமை காலமை, ராகு காலம் தொடங்க முதல், புது மேடையிலை பால் காய்ச்ச வேணும். எனக்கு உதிலையெல்லாம் நம்பிக்கை இல்லை, நான் என்ஜினியர். ஆனா அதுக்காக ராகு காலத்திலை பால் காய்ச்சேலாது.”

ஆக, என் கல்யாணம் ஓர் அடுப்பு மேடையின் மேல் நின்றது. மற்ற அலமாரிகளைச் சாயங்காலம் வரை மாட்டலாம். தென்கிழக்கு மூலையில் வரும் அடுப்பு அலமாரியும் அதன் மேல் கல்லும் மட்டும் ராகு காலத்துக்கு முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். நான் உயிரைக் கொடுத்துச் செய்தேன். தேன்மொழியின் அம்மா ஆசைப்பட்டபடி கைப்பிடிகள் எல்லாம் தங்க நிறம். சத்தியமாகச் சொல்கிறேன், இன்று வரை அதைவிட நல்ல குசினியை நான் செய்யவில்லை. செய்த வரைக்கும் எல்லாம் சரி. அதை வேனில் ஏற்றினேன் பாருங்கள், அங்கேதான் சனியன் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் நின்று சேகரிடம் என் தத்துவத்தை விளக்கினேன். “முதல்ல இறங்க வேண்டியது கடைசியா ஏறணும். அடுப்பு அலமாரியும் கல்லும்தான் முதல்ல வீட்டுக்குள்ள போகணும். அதனால அது ரெண்டும் பின்கதவுகிட்ட.”

“மூளை லா உனக்கு” என்றான் சேகர்.

(இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனை இன்னும் மன்னிக்கவில்லை.)

வேனில் பாரம் ஏற்றும் முறை ஒன்று இருக்கிறது. கனமானது முன்னால், சீட்டை ஒட்டி, தரையோடு தரையாக உட்கார வேண்டும். இடமும் வலமும் சம எடை. இழுப்பறைகளை டேப் போட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழற்றித் தனியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் பெல்ட் போட்டு வேனின் கொக்கியில் இறுக்க வேண்டும். உருளக்கூடியது எதுவும் கட்டாமல் கிடக்கக் கூடாது. இதெல்லாம் இன்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு சிவப்பு ராஃபியா கயிற்றுருண்டை. பாசாரில் காய்கறிப் பை கட்டுவார்களே, அதே கயிறு. இலேசான மேல்தட்டு அலமாரிகளை எல்லாம் முன்னால் அடைத்தேன். பெரிய பாரம் மொத்தமும் வாலில். இடத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஸ்க்ரூ, கீல், கைப்பிடி எல்லாவற்றையும் இழுப்பறைகளுக்குள்ளேயே கொட்டி மூடினேன். கல்லைப் படுக்க வைக்க இடமில்லாததால் போர்வை சுற்றிப் பக்கச் சுவரில் நிறுத்தி வைத்தேன். கல்லை நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது, அதுவும் தெரியாமல் செய்தது.

ஏற்றி முடித்ததும் வேனின் பின்பக்கம் குந்திக்கொண்டது. மூக்கு வானத்தைப் பார்த்தது. “கம்பீரமா நிக்குது” என்றேன் நான்.

மறுநாள் காலையில் அம்மா வேனுக்குப் பூசை போட்டார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்கு ரோஜாவும் செவ்வந்தியும் கலந்த பெரிய மாலை. பால் காய்ச்சும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள், குங்குமம் வைத்து சேகரின் மடியில் ஏற்றினார். நான் வெள்ளை ஜிப்பா போட்டிருந்தேன். கேபினட் மாட்டப் போகிறவன் ஜிப்பா போடுவானா என்று கேட்காதீர்கள். வருங்கால மாமனார் வீட்டுக்குப் பெயின்ட் ஒட்டிய டீசட்டையில் போக மனசு வரவில்லை.

ஃபெடரல் ஹைவேயில் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி திரும்பியது. முன்சக்கரத்தில் பாரமே இல்லாததால் வண்டி தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல், “இந்தப் பழைய வண்டிக்கு என்னா ஸ்மூத் பாரேன்” என்று பெருமைப்பட்டேன். பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழையும் சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தேன். எங்கேயோ இருந்து உருண்டு வந்த சிலிகான் ட்யூப் ஒன்று பெடலுக்கு அடியில் புகுந்துகொண்டது. பெடல் பாதியில் நின்றது. சேகர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே குனிந்து அதைப் பிடுங்கினான். முன்னால் நின்ற காருக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடம் இருந்தது. இதைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் இந்த இடத்தில் சிரிப்பு வராது.

தேன்மொழியின் வீடு ஒரு மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது. கீழே அடுக்குமாடி, அதன் கார் நிறுத்துமிடம். ஓரத்தில் ஓர் ஆன்டி நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பார். அந்த இடத்தில் எதிரே வந்த காருக்கு வழிவிட வேனை நிறுத்தினேன். திரும்ப எடுத்தேன். முன்சக்கரம் கிரீச் என்று சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பின்னால் ராஃபியா கயிறு ‘பட்’ என்று அறுந்தது, பூட்டு சரியாக விழாத கதவு திறந்துகொண்டது. என் கல்யாணம் தெருவில் இறங்க ஆரம்பித்தது.

முதலில் அடுப்பு அலமாரி. அது கவிழாமல், பெரிய மனுஷன் பஸ்ஸிலிருந்து இறங்குவது போல நிதானமாகச் சரிந்து நின்றது. பின்னாலேயே மற்ற அலமாரிகள். டேப் போடாத இழுப்பறைகள் ஒவ்வொன்றாக நாக்கை நீட்டின. உள்ளே கொட்டியிருந்த ஸ்க்ரூக்கள் சரிவில் ஓடின. ஆளுயர அலமாரி கடைசியாக வந்து தெருவின் நடுவே மல்லாந்து படுத்தது. கல் மட்டும் போர்வைக்குள் அசையாமல் நின்றது. நல்ல வேளை, பின்னால் யாருமே இல்லை. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நிறுத்தி, ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்து, “பாஸ், உங்க கிச்சன் விழுந்திருச்சு” என்று தகவல் சொன்னார்.

“அலாமாக்!” என்றான் சேகர். “இது பார்க்கச் சவப்பெ...”

“வாயைக் கழுவு!”

மூலையில் இரண்டு கீறல், வேறு சேதமில்லை. ஆனால் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறலாம் என்றால் வேன் காலி வண்டியாகக்கூட ஏற மறுத்தது. துள்ளிய துள்ளலில் என்னவோ கழன்றிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலம் வந்துகொண்டிருந்தது. மேலே தேன்மொழியின் அப்பா வாசலில் நின்று தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நடுத்தெருவில் ஜிப்பாவோடு நின்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் ஓர் உருமி மேளக் குழு பஸ்ஸுக்காகக் காத்திருந்தது. ஏதோ கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. அவர்களின் தலைவர், மீசைக்கார அண்ணன் ஒருவர், நடந்து வந்து என்னையும் தெருவையும் பார்த்தார்.

“எங்க போவணும் தம்பி?”

“மேல, அந்தப் பச்சைக் கேட் வீடு. ராகு காலத்துக்குள்ள அடுப்பு வைக்கணும் அண்ணே. இல்லேன்னா...” மேட்டைக் கை காட்டினேன். “இல்லேன்னா பொண்ணு தரமாட்டாங்க.”

அண்ணன் திரும்பிக் குழுவைப் பார்த்துக் கத்தினார். “டேய், பொண்ணு விசயமாம்டா! வாங்க, தூக்குங்க!”

நாலு பேர் ஆளுயர அலமாரியைத் தோளில் ஏற்றினார்கள். நாலு பேர் அடுப்பு அலமாரியை. சேகரும் மூன்று பேரும் கல்லை நிறுத்தியபடியே தூக்கினார்கள். நாசி லெமாக் வாங்க வந்தவர்கள் ஆளுக்கோர் இழுப்பறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்கள். மேலே வளைவிலிருந்து கார்கள் குருட்டாம்போக்கில் இறங்கும் தெரு அது. “ஹார்ன் அடிக்க முடியாது, மேளம் அடிங்கடா, காரெல்லாம் ஒதுங்கட்டும்” என்றார் அண்ணன். மிச்சமிருந்தவர்கள் உருமியையும் தப்பையும் எடுத்தார்கள். வேன் முகப்பிலிருந்து விழுந்து கிடந்த மாலையை நாசி லெமாக் ஆன்டி பொறுக்கி, “சாமி மாலை லா, மிதிக்காதீங்க” என்று என் கழுத்தில் போட்டார். என் இரண்டு கையிலும் சின்க் அலமாரி. தடுக்க வழியில்லை. சேகர் சீட்டில் வைத்துவிட்டு வந்த பித்தளைத் தட்டையும் அவரே எடுத்தார். “இதை ஆம்பளைங்க தூக்கக் கூடாது” என்று சொல்லி முன்னால் நடந்தார்.

இப்போது நீங்கள் அந்தத் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து உருமி முழங்குகிறது. முன்னால் பொட்டு வைத்த ஓர் அம்மா வெற்றிலைத் தட்டோடு வருகிறார். பின்னால் ஆளுக்கொரு தட்டு போல இழுப்பறைகள். அதற்குள் வெயிலில் பளபளவென்று தங்க நிறத்தில் ஏதோ குவியல். நடுவில் ஜிப்பாவும் மாலையுமாக வியர்த்து வழிகிற ஒருவன். என்ன நினைப்பீர்கள்? அவர்களும் அதையேதான் நினைத்தார்கள். கதவுகள் திறந்தன. “யாரு வீட்டுக்குப் பரிசம்?” என்று ஒரு குரல். “மேல் வீட்டு என்ஜினியர் பொண்ணுக்காம்!” என்று இன்னொரு குரல். “சொல்லவே இல்ல பாரேன் அந்த மனுசன்!” செருப்பை மாட்டிக்கொண்டு தெருவே பின்னால் சேர்ந்தது. சின்க் அலமாரிக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. உண்மையைச் சொன்னால், பாதி வழியில் எனக்கும் மறுக்க மனசில்லை.

பச்சைக் கேட்டில் அவர் நின்றார். கையில் கடிகாரம், முகத்தில் இடி.

“என்ன தம்பி இது? என்ன கூத்து?”

“அங்கிள்!” என்று ஆன்டி முந்திக்கொண்டார். “பரிசம் வந்திருக்கு! ஆலாத்தி எங்க?”

“என்ன பரிசம்? உது குசினி!”

“ஆமா லா அங்கிள்! இந்தக் காலத்துல எந்த மாப்பிள்ளை குசினியையே தூக்கிட்டு வரான்? ஃபிரிட்ஜ் கேக்குறவனைத்தான் பார்த்திருக்கோம்!”

“எங்கட ஆக்களிலை பரிசம் எண்டு ஒண்டும் இல்லை!” என்று அவர் கத்தினார். உருமி அதை விழுங்கிவிட்டது. யாரோ கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். அவருக்குப் பின்னால் தேன்மொழி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறேன், இவள் சிரிக்கிறாள். அவளுடைய அம்மாதான் உள்ளேயிருந்து ஆலாத்தித் தட்டோடு வந்தார். மாலை போட்டு வாசலுக்கு வந்தவனைச் சும்மா நிறுத்தக் கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

“அங்கிள்,” என்றேன் நான், ஆலாத்திக்கு மேலாக. “எல்லாம் வழியில விழுந்துபோச்சு. வேன் ஏறல. ஏத்தினது நான்தான், தப்பா ஏத்திட்டேன். ஆனா நேரம் இன்னும் இருக்கு. வழிவிடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். சட்டென்று அவருக்குள்ளிருந்த என்ஜினியர் எழுந்து நின்றார். “எல்லாரும் விலத்துங்கோ! அடுப்பு அலமாரி முதல்ல! கல்லைச் சரிக்காதேங்கோ, நிமித்திப் பிடியுங்கோ!” என்று படிக்கட்டில் நின்று போக்குவரத்தை நடத்தினார். அவர் குரலுக்கு உருமியே அடங்கியது.

அடுப்பு அலமாரி மூலையில் போய் உட்கார்ந்தது. நான் ஜிப்பாவோடு தரையில் படுத்து அலமாரியின் கால்களைத் திருகி உயரம் சரிசெய்தேன். கல்லை இறக்கினோம். அவர் சட்டைப்பையிலிருந்து தன் சொந்த ரசமட்டத்தை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். குசினி, ஹால், வாசல் என்று நிரம்பியிருந்த கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. நீர்க்குமிழி அங்கும் இங்கும் ஆடி நடுவில் வந்து நின்றது. குறுக்கே வைத்தார். அங்கேயும் நடு. மறுபடி நீளவாக்கில் வைத்தார். நடு! எங்கேயாவது ஒரு மயிரிழை கிடைக்காதா என்று அவர் தேடியதை நான் கண்ணால் பார்த்தேன். கிடைக்கவில்லை. தெருவில் விழுந்து எழுந்து, முன்பின் தெரியாதவர்கள் தோளில் ஏறி வந்த அலமாரி அது! எனக்கு நெஞ்சு விரிந்தது.

அடுப்பு வைத்தார்கள். தேன்மொழியின் அம்மா பால் பானையை ஏற்றினார். பால் நுரைத்துப் பொங்கி, புதுக் கல்லின் மேல் வழிந்தபோது ராகு காலம் இன்னும் வாசலுக்கு வரவில்லை. கூட்டம் கைதட்டியது. மீசைக்கார அண்ணன் குசினிக்குள்ளேயே உருமியை ஒரு இழு இழுத்தார்.

அப்போதுதான் ஆன்டி கேட்டார், வாசல் வரை கேட்கும்படி. “சரி அங்கிள், கல்யாணம் எப்போ?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் அந்தத் தெருவில் அவர் குடியிருக்க முடியாது. ஆனால் அதற்குப் பயந்து அவர் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவர் எதற்கும் பயப்படுகிற ஆளில்லை. ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் வைத்தார். என் மாலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

“முதல்ல மிச்ச அலமாரியளை மாட்டி முடிக்கட்டும்” என்றார். “பிறகு நாள் பார்ப்பம்.”

நாள் பார்ப்பம்! உருமி மறுபடி முழங்கியது. சேகர் என்னைத் தூக்கினான். நான் மாமா காலில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் அவர் காலடியில் கிடந்த ஸ்க்ரூ ஒன்று என் முட்டியில் குத்தியது. அந்த வலிகூட இனித்தது. தேன்மொழி ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து நீட்டி, “மாப்பிள்ளை, வேனைப் பார்க் பண்ணிட்டீங்களா?” என்றாள்.

நாள் பார்த்தார்கள், கல்யாணமும் ஆனது. கல்யாணத்தில் எடுத்த படங்கள் எல்லாம் ஆல்பத்துக்குள் இருக்கின்றன. ஹாலில் பெரிதாக மாட்டியிருப்பது அன்று யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த படம்தான். கழுத்தில் மாலை, கையில் சின்க் அலமாரி, வாய் பிளந்த நிலையில் நான். எதிரே விரலை நீட்டிக்கொண்டு மாமா.

பட்டறை இன்று பெரிதாகிவிட்டது, மூன்று வேன்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் பெல்ட் போட்டு, கனத்தை முன்னால் வைத்து, நானே இழுத்துப் பார்க்காமல் கதவைப் பூட்ட விடமாட்டேன்.

போன மாதம் காஜாங்கில் மாமாவின் தம்பி மகளைப் பெண் கேட்டு ஒரு கணக்காளர் வந்தார். நல்ல வேலை, நல்ல குடும்பம், யாழ்ப்பாணத்து ஆட்களேதான். படிப்பு, சம்பளம் எல்லாம் அவர்களே சொன்னார்கள். மாமா எதையும் காதில் வாங்கவில்லை. பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. நீர் என்ன தூக்கிக்கொண்டு வந்தனீர்?”